திரும்பி நின்று பெல்ட் கட்டு

ஒத்தக்கடையில் எங்கள் டேக்வாண்டோ வகுப்பு ஒரு மொட்டைமாடியில் தினமும் சாயங்காலம் நடக்கும். அங்கே ஒரு பழக்கம் உண்டு. சண்டையின் நடுவே பெல்ட் அவிழ்ந்தால், எதிரே நிற்பவர் முகத்துக்கு நேராக அதைச் சரிசெய்யக் கூடாது. அது மரியாதை இல்லை. திரும்பி நின்றுதான் கட்ட வேண்டும். அதுவரை மற்றவர் காத்திருக்க வேண்டும்.

போன சனிக்கிழமை என்னோடு மோதிக்கொண்டிருந்த இசைவாணி, பெல்ட் அவிழ்ந்ததும் அப்படித் திரும்பி நின்றாள். நான் காத்திருக்கவில்லை. இரண்டு புள்ளி பின்தங்கிய ஆத்திரத்தில் அவள் முதுகில் ஓங்கி உதைத்துவிட்டேன்!

குப்புற விழுந்தாள். வேறு யாரும் கவனிக்கவில்லை. தாடையில் ரத்தம். அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் ஓடி வந்தார்.

“என்னாச்சு ஸ்வர்ணா?”

“கால் வழுக்கி விழுந்துட்டா சார்.”

எவ்வளவு பெரிய பொய்! இசைவாணி என்னைப் பார்த்தாள். தாடையைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அதன்பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. வகுப்பு தொடங்கும்போது ஐந்து உறுதிமொழிகளைச் சத்தமாகச் சொல்வோம்: மரியாதை, நேர்மை, விடாமுயற்சி, தன்னடக்கம், தளராத மனம். முதல் இரண்டையும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சும்மா உதட்டை அசைத்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். தாடையில் பிளாஸ்திரியோடு வாசலுக்கு வந்தாள். கேட்டைத் திறக்கவில்லை.

“எதுக்கு வந்த?”

“மன்னிச்சிரு இசை. நாளைக்கு வகுப்புக்கு வாடி.”

“உன்னை நம்பித்தானடி திரும்புனேன்? இனிமே யாரை நம்பித் திரும்புறது?”

கேட்டைப் பிடித்துக்கொண்டேன். “எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்றேன். அதைக் கேக்கவாச்சும் வா.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆனால் மறுநாள் வந்தாள். நான் எல்லோர் முன்னாலும் நின்று, நடந்ததை அப்படியே சொன்னேன்.

“அடிப்பாவி!” என்றான் சூரியபிரகாஷ். அவன்தான் போன மாதம் என் தண்ணீர் பாட்டிலை ஒளித்து வைத்தவன்.

மாஸ்டர் திட்டவில்லை. “அடுத்த மாசப் போட்டிக்கு நீ வர வேணாம்” என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிறகு இசைவாணிக்கு எதிரே போய்க் குனிந்து வணங்கினேன். என் பெல்ட்டை நானே அவிழ்த்தேன். திரும்பி நின்று மெதுவாக, ரொம்ப மெதுவாகக் கட்டினேன். உதைத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

உதை விழவில்லை.

முடிச்சை இறுக்கிவிட்டுத் திரும்பினேன். இசைவாணி எனக்கு முதுகைக் காட்டி நின்று, தன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

நான் காத்திருந்தேன்.