பாக்கலாம்

எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. ‘பாக்கலாம்.’ அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

எங்கள் ஐந்தாம் வகுப்புக்குத் தகரக் கூரை. என் அத்தா பிரியாணி மாஸ்டர். தேக்சாவை மூடி அவர் தம் போடும்போது உள்ளே இருக்கும் அரிசிக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தினமும் மதியம் எங்களுக்கு அப்படித்தான் இருக்கும்.

“வருஷா வருஷம் பூமி சூடாகிட்டே வருது. உடனே ஏதாவது செய்யணும்” என்று பாடம் நடத்தினார் சேவியர் சார். அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“யாரு சார் செய்யணும்?” என்று கேட்டேன்.

“எல்லாரும்தான் நர்கீஸ். பெரிய பெரிய தலைவருங்க எல்லாம் கூடிப் பேசுறாங்க.”

“பேசி என்ன சார் சொன்னாங்க?”

சார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பாக்கலாம்னாங்க.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க யாருக்கும் தெம்பில்லை.

அப்போது பக்கத்தில் இருந்த புவனேஸ்வரி என் தோளில் சாய்ந்தாள். “ஏய், தள்ளி உக்காருடி” என்றேன். அவள் அப்படியே சரிந்து விழுந்தாள்.

சார் அவளைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினார். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் விழித்தாள். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.

சாயங்காலம் அவள் அம்மா வந்தார். “வெயில் தணியட்டும் சார். அதுவரைக்கும் புள்ளைய அனுப்பல” என்று சொல்லிக் கூட்டிப்போய்விட்டார்.

வெயில் எப்போது தணியும்? யாருக்குத் தெரியும்!

“கூரைக்கு வெள்ளைப் பெயிண்ட் அடிச்சாலே சூடு குறையும். தாளாளர்கிட்ட மூணு தடவ சொல்லிட்டேன்” என்றார் சார்.

“அவரு என்ன சொன்னாரு சார்?”

“வேற என்ன சொல்வாரு?”

மறுநாள் மதியம் தாளாளர் நூர் அகமது பள்ளிக்கு வந்தார். எங்கள் பள்ளியை நடத்துகிறவர் அவர்தான். நல்ல மனிதர். பெருநாளுக்கு எல்லோருக்கும் மிட்டாய் தருவார். நான் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

“சார், எங்க கூரை ரொம்பச் சுடுது. நேத்து புவனா மயங்கி விழுந்துட்டா. இனி பள்ளிக்கூடத்துக்கே வரமாட்டாளாம்.”

“அடடா, பாவம் புள்ள” என்றார். கண் போனிலேயே இருந்தது. “பாக்கலாம்மா, பாக்கலாம்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் கையைப் பிடித்தேன்.

“வாங்க சார்.”

“எங்கம்மா?”

“பாக்கலாம்னீங்கல்ல? வாங்க, பாக்கலாம்.”

பாவம், அவரால் மறுக்க முடியவில்லை. புவனாவின் இடத்தில் அவரை உட்கார வைத்தேன். சின்ன பெஞ்சு என்பதால் முழங்கால் நெஞ்சில் இடித்தது. முதலில் என் நோட்டை வாங்கி விசிறிக்கொண்டார். பிறகு தொப்பியைக் கழற்றினார். பத்தே நிமிடத்தில் எழுந்துவிட்டார்.

“பாத்துட்டேம்மா. போகட்டுமா?”

“இன்னும் பெல் அடிக்கலையே சார். நாங்க நாலு மணி வரைக்கும் பாப்போம்.”

சேவியர் சார் சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

தாளாளர் போனை எடுத்தார். “சடையாண்டி, வெள்ளைப் பெயிண்ட் வாங்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வா. ஆளையும் கூட்டிட்டு வா. நாளைக்கா? இல்லப்பா, இப்பவே வா!”

கூரைக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தாயிற்று. மூன்றாம் நாள் புவனா வந்துவிட்டாள். வெயில் எங்கும் போகவில்லை. ஆனாலும் வகுப்பில் உட்கார முடிந்தது. அவள் கூரையை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

“ஒரு கூரைக்கே இம்புட்டுப் பாடா? பூமிக்கெல்லாம் பெயிண்ட் அடிக்க முடியாதேடி!”

நான் எழுந்தேன். “சார், அந்தத் தலைவருங்களையும் செத்த நேரம் இங்க வந்து உக்காரச் சொல்லி லெட்டர் போடலாமா?”

சார் களைப்பாக நாற்காலியில் சாய்ந்தார். “பாக்க...”

வகுப்பே அவரைத் திரும்பிப் பார்த்தது.

சார் நாக்கைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நோட்டை எடுங்க. இப்பவே எழுதுவோம்” என்றார்.