காரணம் எழுதாத ஃபாரம்

“காரணம் என்னன்னு சொல்லுங்கக்கா, நானே எழுதிக்கிறேன்.”

“ஒடம்பு முடியலன்னு போட்டுக்கங்க மேடம்.”

“ஒடம்புன்னா எங்க? தலையா, காலா? மொட்டையாப் போட்டா மேனேஜர் திருப்பி விட்ருவாரு.”

ஒய்யம்மாக்கா சுவரைப் பார்த்தார். “அப்ப இருக்கட்டும் மேடம். சோலி கெடக்கு.”

இந்தப் பேச்சு எங்களுக்குள் மூன்று முறை நடந்தது. மூன்று முறையும் காரணம் என்ற கட்டம் காலியாக இருந்த லீவு ஃபாரத்தை நான்தான் திருப்பிக் கொடுத்தேன்.

பெருமாள்மலையில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் பாதையில், பழைய பங்களா ஒன்றை விடுதியாக்கியிருக்கிறார்கள். அங்கே அலுவலகம் பார்ப்பவள் நான், நஜீமா. ஒய்யம்மாக்கா பக்கத்து மலைக்கிராமமான பேத்துப்பாறையிலிருந்து வந்து அறைகளைச் சுத்தம் செய்தவர். எங்கள் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. காலை எட்டு மணிக்கு எல்லோரையும் வாசலில் நிறுத்தி, இன்று யார் லீவு, என்ன காரணம், அவர் வேலையை யார் பார்ப்பது என்று நான் உரக்க வாசிக்க வேண்டும். ஒருமுறை டிரைவர் ஈஸ்வரனுக்கு மூலம் என்று வாசித்தேன்.

“ஏலே, இனி வண்டிய நின்னுக்கிட்டே ஓட்டுவியோ?” என்றார் சமையல்காரர் குழந்தைவேல்.

ஒரு மாதம் ஓயவில்லை அந்தக் கேலி. நானும் சிரித்தேன். வரிசையின் கடைசியில் நின்ற ஒய்யம்மாக்கா மட்டும் சிரிக்கவில்லை.

பிறகொரு நாள் துணி அறையில் அவரைப் பார்த்தேன். விருந்தினர் படுக்கையில் வைக்கிற வெந்நீர்ப் பையை அடிவயிற்றில் அழுத்தியபடி குனிந்து உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது புடவையின் பின்பக்கம் கறை. நானும் பெண்தானே, புரியாமல் இல்லை. அருகில் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

“கெஸ்ட்டுக்கு உள்ளத எடுக்காதீங்கக்கா” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அதிலிருந்து பத்தாம் நாள் ஆறாம் எண் அறையில் விழுந்தார். வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்கு இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது.

அந்தச் சாவுக்குப் பிறகு ஒரு வாரம் வீட்டிலிருந்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். சீசன் முடிந்திருந்தது. விடுதியில் ஒரு விருந்தினரும் இல்லை. ஆறாம் அறையைப் பூட்டி, சாவியை என் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு, வழக்கம்போல மரங்களுக்குள்ளிருந்து மூடுபனி இறங்கி ஜன்னல்களை வெளுப்பாக்கியது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஆறாம் அறைப் பக்கமிருந்து, ஈரம் காயாத விரிப்பை யாரோ உதறுவது போல.

ஒருமுறை. பிறகு இன்னொரு முறை.

ஆறாம் அறையைத் திறந்தேன். யாரும் இல்லை. கம்பளி வாடையோடு, துருப்பிடித்த இரும்பின் நெடி. படுக்கை விரிக்கப்பட்டு, நான்கு மூலையும் இறுக்கிச் செருகப்பட்டிருந்தது. போர்வைக்குள் கையை விட்டேன்.

வெந்நீர்ப் பை சுடச்சுட இருந்தது.

குழந்தைவேலிடம் ஓடினேன். அவர் அடுப்பைக் காட்டினார். சாம்பல் ஆறிக் கிடந்தது.

“யாரும் வெந்நி போடல மேடம்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நீங்க இல்லாத ஒரு வாரமும் இப்படித்தான். ஒய்யம்மாளுக்கு லீவு குடுக்கலைல. அதான் சோலிக்கு வந்துக்கிட்டு இருக்கு.”

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. இருந்தாலும் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அலுவலகத்துக்கு வந்தால், மேஜை மேல் ஒரு லீவு ஃபாரம். தாள் பனியில் நனைந்திருந்தது. கீழே, எழுத்துக் கூட்டிப் போட்ட கையெழுத்து: ஒய்யம்மாள். காரணம் காலி.

பயத்தில் நானே ‘காய்ச்சல்’ என்று எழுதி, பத்து நாள் லீவு தரலாம் என்று கையெழுத்திட்டுக் கோப்பில் வைத்தேன்.

மறுநாள் மூன்று மணிக்கு விரிப்பை உதறும் சத்தம் கேட்டது. அதே ஃபாரம் மேஜையில் இருந்தது. நான் எழுதிய ஓர் எழுத்தும் அதில் இல்லை.

மூன்றாம் நாள் நான் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். பனி அலுவலகத்துக்குள் வந்தது. தாழ்வாரத்தில் வெறுங்கால்கள் மெல்ல நடந்து வரும் சத்தம் கேட்டது. வலியில் ஒரு காலை இழுத்து இழுத்து வைக்கும் நடை.

மேஜைக்கு எதிரே வந்து நின்றது.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. இரும்பு நெடி மட்டும் மூக்கில் ஏறியது. அந்த நேரத்தில் பயத்தைவிட வெட்கமே என்னைத் தலைகுனிய வைத்தது. துணி அறையில் நான் சாத்திய கதவு கண்ணுக்குள் வந்து நின்றது.

பேனாவைக் கீழே வைத்தேன். எழுந்தேன்.

“அக்கா, ஒங்களுக்கு என்ன செய்யுது?”

என் காதுக்கு மிக அருகில், யாரும் கேட்டுவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு பேசுவது போல அந்தக் குரல்.

“நாலு மாசமா உதிரம் நிக்கல மேடம். காலையில வெள்ளனே ஆஸ்பத்திரிக்குப் போகணும், லீவு குடுங்க. காரணத்த மட்டும் ஆம்பளைங்க முன்னால வாசிச்சிராதீங்க.”