எழுந்திரிக்க வேண்டாம், உட்காருங்க

மனித குலத்திலேயே பயம் என்ற உறுப்பு இல்லாமல் பிறந்த ஒரே ஆள் தான்தான் என்று தம்பி காரின் பின்சீட்டில் இருந்தபடி அறிவித்தான். விளையாட்டாகச் சொல்லவில்லை. எல்லோருக்கும் வைத்து அனுப்பிய இடத்தில் தனக்கு மட்டும் வைக்க மறந்துவிட்டார்கள் என்றும், சந்தேகம் இருப்பவர்கள் தான் செத்த பிறகு அறுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றும், அதற்கான அனுமதியை இப்போதே தருவதாகவும் சொன்னான்.

"முதல்ல பெல்ட்டைப் போடு மாப்ள. காது வலிக்குது," என்றார் காரை ஓட்டிய மாமா.

மாமாவின் புது கார் ஒரு கண்டிப்பான வாத்தியார். எந்தச் சீட்டில் யார் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டாலும் டிங் டிங் என்று கத்தும். எந்தச் சீட் என்று முன்னால் ஒரு சிவப்புப் புள்ளியும் காட்டும். தம்பி பெல்ட்டை மாட்டினான். சத்தம் அடங்கியது. அவன் பக்கத்துச் சீட் காலி.

முன்சீட்டில் அக்கா இருந்தாள். மடியில் கிடந்த வலது கையை இடது கையால் பிடித்திருந்தாள், அடுத்த வீட்டுக் குழந்தையைப் பிடித்திருப்பது மாதிரி. அவள் தையல்காரி. துணி வெட்டுகிற அந்தக் கை போன வருஷம் ஒருநாள் தோளுக்கு மேலே போக மாட்டேன் என்று நின்றுவிட்டது. ஊசி, மாத்திரை, மின்சார ஒத்தடம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இந்தப் பயணத்திலும் சரியாகாவிட்டால் கடையைக் கொடுத்துவிடுவதாக வீட்டு வாசலிலேயே சொல்லிவிட்டாள். அதைச் சொன்னபோது அழவில்லை. அதுதான் தம்பிக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அதனால்தான் வழியெல்லாம் இப்படி அளந்துகொண்டு வந்தான்.

வைத்திய வீடு தெருவின் கடைசியில், மழையில் கறுத்துப்போய் நின்றது. கதவைத் திறந்ததும் எண்ணெய் வாசனை. அதற்கும் மேலே, இப்போதுதான் இழைத்த பச்சை மரத்தின் வாசனை. பகல் மூன்று மணிக்கே கூடத்தில் விளக்கு தேவைப்பட்டது.

கூடம் முழுக்க நாற்காலிகள். ஒன்று போல ஒன்று இல்லை. ஒன்றுக்கு இடுப்பு ஒடிந்தது மாதிரி வளைவு. ஒன்றுக்குக் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஒன்றுக்கு ஒரு கால் வீங்கின மாதிரி தடித்திருந்தது. எல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. ஒன்றிலும் ஆள் இல்லை.

"தண்டனைக்கு நிக்க வச்ச கிளாஸ் மாதிரி இருக்கே," என்று தம்பி போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தான்.

வைத்தியம் பார்க்கும் அம்மா கைகளில் எண்ணெய் தேய்த்தபடி வந்தாள். நல்ல ஆகிருதி. கடந்துபோன ஒவ்வொரு நாற்காலியின் முதுகையும் தொட்டு, வேலைக்காரரைக் கண்டால் சொல்கிற மாதிரி அல்ல, பெரிய மனிதர்களிடம் சொல்கிற மாதிரி, "எழுந்திரிக்க வேண்டாம், உட்காருங்க... உட்காருங்க..." என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

தம்பி மாமாவைப் பார்த்தான். மாமா கூரையைப் பார்த்தார்.

"அம்மா, இங்கே யார்கிட்ட பேசுறீங்க?"

"வலிகிட்ட," என்றாள் அவள், மணி என்ன என்று கேட்டால் சொல்வது போல. "உடம்புல இருந்து இறக்கிட்டா அது எங்கே போகும்? பாவம், நின்னுக்கிட்டே இருக்கும். அதுக்குன்னு ஒரு இடம் பண்ணி, மரியாதையா உட்காருங்கன்னு கேட்டா உட்கார்ந்துடும். கேட்கலைன்னா பழகின இடத்துக்கே திரும்பிடும்."

"அதாவது எங்க அக்கா தோளுக்கு."

"வேற எங்கே பழக்கம் அதுக்கு?"

அவளுடைய கணவர் தச்சர். அளவு நாடா எதுவும் எடுக்கவில்லை. அக்காவை ஒரு முக்காலியில் உட்காரச் சொல்லிச் சுற்றி வந்து பார்த்தார். மூலையில் போய் உளியை எடுத்தார். உள்ளே அறையில் அம்மா தோளைப் பிடிக்க, கூடத்தில் அவர் மரத்தைச் செதுக்கினார். அங்கே அக்கா முனகும்போதெல்லாம் இங்கே உளி நின்றது. அவள் அடங்கியதும் மறுபடி விழுந்தது. மாமா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். தம்பி, "ரெண்டு பேரும் நல்லா ஒத்திகை பார்த்திருக்காங்க," என்று போனிடம் கிசுகிசுத்தான்.

மழை வலுத்தது. வெளிச்சம் இன்னும் இறங்கியது.

அக்கா ஒரு முறை அலறினாள். ஒரே ஒரு முறை.

அப்புறம் அறை வாசலில் வந்து நின்றாள். வலது கையால் தன் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். தான் என்ன செய்கிறோம் என்பது அவளுக்கே அப்புறம்தான் தெரிந்தது. கையை மேலே தூக்கினாள். இன்னும் மேலே. நிலைப்படியின் மரத்தைத் தொட்டாள். அப்போதுதான் அழுதாள்.

புது நாற்காலி தயாராகியிருந்தது. வெளுத்த மரம், வலது தோள் மட்டும் தூக்கலாக. யாரும் தொடவில்லை. அது மெல்ல ஒரு தரம் முனகியது, கனமான ஆள் உட்கார்ந்தால் முனகுமே, அப்படி.

"ஈர மரம் அப்படித்தான்," என்றான் தம்பி. யாரும் கேட்கவில்லை.

"போகும்போது ஆளுக்கு ஒரு தரம் சொல்லிட்டுப் போங்க," என்றாள் அம்மா.

அக்கா நாற்காலியின் முதுகைத் தொட்டு, "உட்காருங்க," என்றாள். மாமாவும் கைகட்டிக்கொண்டு, மேலதிகாரியிடம் சொல்வது போலச் சொன்னார். தம்பியின் முறை வந்தது. அவன் போனை உயர்த்திப் பிடித்து, இடுப்பு வரை குனிந்து, நாடகக்காரன் மாதிரி கையை வாசல் பக்கம் நீட்டினான்.

"இங்கே தனியா உட்கார்ந்து என்ன பண்ணப் போறீங்க? எங்ககூட வாங்களேன். கார்ல ஒரு சீட் காலியாத்தான் இருக்கு!"

தச்சரின் கையிலிருந்து உளி விழுந்தது.

அந்த அம்மா திட்டவில்லை. நாற்காலியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். இன்னொரு தரம் வைத்துப் பார்த்தாள்.

"எழுந்துடுச்சு," என்றாள் மெதுவாக. "இனி நான் சொன்னா கேட்காது தம்பி. கூப்பிட்டது நீங்க. உட்கார வைக்க வேண்டியதும் நீங்கதான்."

"கண்டிப்பா. வீட்டுல சோஃபாவே இருக்கு," என்றான் தம்பி.

கார் கிளம்பியது. அக்கா சிரித்தாள், ரொம்ப நாளைக்கு அப்புறம். கதவுக்கு மேலே இருக்கும் பிடியை வலது கையால் எட்டிப் பிடித்துக்கொண்டாள். "பாருங்க, பாருங்க," என்று மாமாவிடம் காட்டினாள்.

டிங். டிங். டிங்.

"மாப்ள, பெல்ட்டு."

"போட்டிருக்கேன் மாமா."

"பின்னாடி இடது பக்கம்னு காட்டுது. பையை அந்தச் சீட்ல வச்சிருக்கியா?"

பை அவன் காலடியில் இருந்தது. இடது பக்கச் சீட்டில் ஒன்றுமே இல்லை.

தம்பி குனிந்து பார்த்தான். சீட்டின் மெத்தை அமுங்கியிருந்தது.

பச்சை மரத்தின் வாசனை வந்தது.

புது காரில் இதெல்லாம் சகஜம், மழை ஈரம் உள்ளே போனால் சென்சார் குழம்பும் என்று அவன் சொல்ல நினைத்தான். அவன் வாய் இப்படி ஒத்துழைக்க மறுத்தது இதுவே முதல் தடவை. கண்ணாடி ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டான்.

டிங். டிங். டிங்.

சட்டென்று சத்தம் நின்றது.

"அப்பாடா, சரியாயிடுச்சு," என்றார் மாமா.

தம்பி பக்கத்துச் சீட்டைப் பார்த்தான். அமுங்கியிருந்த மெத்தை மெல்ல, மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது.

உட்கார்ந்திருந்தது எழுந்துவிட்டது.

"டேய், என் சீட்டைப் பிடிச்சு இழுக்காதடா," என்றாள் அக்கா திரும்பாமல்.

அவன் கைகள் முழங்கால்களுக்கு நடுவில்தான் இருந்தன.

அக்காவின் சீட் உறை, வலது தோளுக்குப் பின்னால், சுருங்கியது. ஒரு சுருக்கம். பக்கத்தில் இன்னொன்று. ஒரு பிடி விழுவதற்கு எத்தனை விரல் வேண்டுமோ அத்தனை.

"ஏசியைக் குறைங்க. தோள்ல ஜில்லுனு..." அக்கா பாதியில் நிறுத்தினாள்.

பிடியில் இருந்த அவள் கை வழுக்கி, கொஞ்சம் கீழே இறங்கியது. அவள் அதைப் பார்த்தாள். மறுபடி தூக்கப் பார்த்தாள். அவள் முகம் பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. கடையைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்ன அதே முகம்.

தம்பிக்குப் பிறக்கும்போது வைக்க மறந்த உறுப்பு வயிற்றுக்குள் எங்கோ முளைத்து, அடித்துக்கொண்டிருந்தது.

"உட்... உட்காருங்க," என்றான்.

சுருக்கம் நகரவில்லை.

போனைக் கீழே வைத்தான். குனிந்தான். இந்தத் தடவை கேலிக்கு இல்லை. குனியாமல் இருக்க முடியவில்லை. பக்கத்துச் சீட்டின் முதுகைத் தொட்டான். பச்சை மரம் மாதிரி ஈரமாக இருந்தது.

"கூப்பிட்டது நான்தாங்க. அக்காவை விட்டுடுங்க. இங்கே, என் பக்கத்துல உட்காருங்க."

உறையின் சுருக்கங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

டிங். டிங். டிங்.

இவ்வளவு இனிமையான சத்தத்தை அவன் வாழ்க்கையில் கேட்டதில்லை.

"மறுபடியுமா!" என்றார் மாமா.

தம்பி கை நீட்டி, காலி சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்தான். இழுத்த நீளம் போதவில்லை. இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டியிருந்தது, எதையோ சுற்றிக்கொண்டு போவது போல. மாட்டினான். சத்தம் அடங்கியது. பெல்ட் சீட்டின் மேல் படியவில்லை. ஒரு சாண் உயரத்தில் நின்றது. மெதுவாக ஏறியது, இறங்கியது.

முன்னால் அக்கா மறுபடி பிடியை எட்டிப் பிடித்திருந்தாள். "என்னடா பின்னாடி ஒரே அமைதி? பேயைப் பார்த்துட்டியா?"

"தூக்கம் வருது அக்கா," என்றான் தம்பி.

அக்கா கடையை விடவில்லை. மறுவாரமே மேல் தட்டிலிருந்து துணிச் சுருளை ஒற்றைக் கையால் எடுத்துப் போட்டாள். வைத்திய வீட்டு வீடியோ எங்கே என்று மாமா கேட்டதற்கு, அழிந்துவிட்டது என்றான் தம்பி. லீவு முடிவதற்கு முன்னாலேயே கல்லூரிக்குக் கிளம்பினான். எதற்கு இந்த அவசரம் என்று அக்கா கேட்டாள். அவன் அவளுடைய வலது தோளை ஒரு தரம் பார்த்துவிட்டு, படிக்க வேண்டியது இருக்கிறது என்றான். வீட்டில் யாரும் நம்பவில்லை.

காலை பஸ். நல்ல வெயில், நல்ல கூட்டம். தம்பி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். பக்கத்து இருக்கை காலி. கையில் பையோடு ஒரு பெரியவர் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, இங்கே ஆள் இருக்கா?"

"இருக்காங்க."

பெரியவர் எரிச்சலோடு இருக்கையைப் பார்த்தார். பார்த்தவர் முகம் மாறியது. ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தார்.

"அடடா, மன்னிக்கணும்மா. கவனிக்கலை," என்றார், தம்பியிடம் அல்ல. திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸின் கடைசி வரை போய்விட்டார்.

இருக்கை மெல்ல முனகியது, பெரியவருக்கு இடம் கொடுக்க யாரோ எழுவது போல.

தம்பி அதன் முதுகில் கை வைத்தான். யாருக்கும் கேட்காத குரலில், ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

"எழுந்திரிக்க வேண்டாம். உட்காருங்க."