கொத்தப்பட்ட இரண்டு வரிகள்

இராஜபாளையத்தில் யோகேஸ்வரியின் வீட்டுக்குக் காலை ஏழு மணிக்கே வந்த மாதவி டீச்சர் வாசலிலிருந்தே கூப்பிட்டாள்.

"மண்டபத்துக் கல்வெட்டைக் கொத்திட்டாங்கக்கா. மத்தியானம் தொல்லியல் அதிகாரி வாராரு."

யோகேஸ்வரி ஓய்வுபெற்ற தலைமைக் காவலர். அவர் செருப்பை மாட்டுவதற்குள், பக்கத்து வீட்டுப் பால்சாமி பேண்டேஜ் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பியிருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்க நடந்து போகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் கட்டிவைத்த தண்ணீர்ப்பந்தல் மண்டபம் அது. மாதவி, தாமோதர் உட்பட ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பதினோரு பேர் நான்கு வருடமாக ஞாயிறுதோறும் முள் வெட்டிக் காத்துவந்தார்கள். சுற்றிலும் பிளாட் போட்ட குருசாமிக்கு அது இடைஞ்சல்.

"குருசாமி வேலைதான் ஏட்டம்மா!" என்றார் பால்சாமி.

யோகேஸ்வரி கல்லின் முன் குந்தினார். ஏழு வரிகளில் மேல் ஐந்தில் கீறல்கூட இல்லை. கீழ் இரண்டும் எழுத்து எழுத்தாகக் கொத்தி அழிக்கப்பட்டிருந்தன.

"இந்த ரெண்டு வரி எப்பத் தெரிஞ்சது?"

"போன ஞாயிறு மண்ணைத் தோண்டுனப்பக்கா. சேறு அப்பியிருந்துச்சு, போட்டோவுல ஒண்ணும் விழலை. தாமோதர் சார்தான் இருந்து கழுவிப் பார்த்தாரு. தேஞ்சு போச்சு, படிக்க ஏலலைன்னுட்டாரு."

மத்தியானம் அதிகாரி, தாமோதர் என எல்லாரும் மண்டபத்தில் கூடினார்கள். குருசாமியும் வந்திருந்தார்.

"இவர்னா ஜேசிபி வச்சு அம்புட்டையும் நொறுக்கியிருப்பார். படிக்க முடியாத வரியை மட்டும் எவன் மெனக்கெட்டு அழிப்பான்?" என்றார் யோகேஸ்வரி அமைதியாக. "படிச்சவன்தான் அழிப்பான். பழைய எழுத்து படிக்கத் தெரிஞ்சவர் இங்க ஒருத்தர்தான். என்ன எழுதியிருந்தது சார்?"

தாமோதர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க முப்பாட்டன் கட்டினதுன்னு முப்பது வருஷமா ஊரெல்லாம் சொல்லிட்டேன். கல்யாணப் பத்திரிகையிலகூடப் போட்டோம். கல்லுல வேற பேரு இருந்துச்சு. முத்துப்பேச்சி. புருஷனை இழந்தவ. வயலை வித்துக் கட்டியிருக்கா." அவர் கல்லைப் பார்த்தார். "பேரை மட்டும் அழிக்கத்தான் போனேன். கை நிக்கலை. வருஷமும் அதுலதான் இருந்துச்சு."

அதிகாரி கல்லை நெடுநேரம் தடவிப் பார்த்தார். "கல்லுலயே காலம் தெரியாம பாதுகாப்புப் பட்டியல்ல சேர்க்க முடியாதும்மா."

குருசாமி செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

தாமோதர் கண்களை மூடி, அழிந்த இரண்டு வரிகளையும் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். மாதவி அழுதுகொண்டே நோட்டில் எழுதினாள். அதிகாரி கடைசிவரை கேட்டார், பேனாவைத் திறக்கவில்லை.