பதினோரு வருஷம் துவைக்காத போர்வை

அடுப்பில் உருளைக்கிழங்கு சூப் கொதித்துக்கொண்டிருந்தது. வாசலுக்கு வந்த தொமாசா கொடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். மகனின் பழுப்புக் கம்பளிப் போர்வை நீர் சொட்டத் தொங்கியது.

"ரொம்ப அழுக்கா இருந்துச்சு அத்தை... சோப்புப் போட்டு அலசிட்டேன்" என்றாள் ரொக்சானா. தலைநகர் லிமாக்காரி, இந்த மலைக்கு நேற்றுத்தான் முதல் தடவையாக வந்த மருமகள்.

தொமாசா அவள் பக்கம் திரும்பாமல் போர்வையின் நனைந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

மகன் வில்பெருக்குச் சுருக்கென்றது. "லிமாவுக்கு உன்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்மா. அவகிட்ட ஒரு வார்த்தை பேசினா என்ன? அன்னைக்கும் இப்படித்தான். பதினேழு வயசுல பஸ் ஏத்தி விட்ட. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. பதினோரு வருஷத்துல ஒரு தடவை வாடான்னு கூப்பிட்டியா?"

"கூப்பிட்டா வந்திருப்ப" என்றாள் தொமாசா. "வந்து உங்கப்பன் மாதிரி சுரங்கத்துல இறங்கி இருமிச் செத்திருப்ப. இங்க காலேஜா இருந்துச்சு?"

இல்லைதான். அவன் வகுப்பில் பன்னிரண்டு பேர். ஒன்பது பேர் படிக்கப் போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. அவர்கள் பந்து விளையாடிய மைதானத்தில் இப்போது லாமாக்கள் மேய்கின்றன.

கிழங்கு உரித்துக்கொண்டிருந்த தொமாசாவின் நாத்தனார் பெர்மினா கத்தியைக் கீழே வைத்தாள். "லிமாத் தண்ணி குடிச்சு எல்லாம் மறந்துட்டியாடா? நம்ம ஊர்ல ஒரு ஆளோட துணியை மொத்தமா எப்பத் துவைப்போம்?"

அவன் முகம் மாறியது. ஆள் இறந்த ஐந்தாம் நாள், ஆற்றுக்குக் கொண்டுபோய்.

"நீ கழட்டிப் போட்ட போர்வைல தண்ணி பட விடல உங்கம்மா. காலேஜுக்குத்தான் போயிருக்கான், செத்தா போயிட்டான்னு என்கிட்ட சண்டைக்கு வருவா. தலைமாட்டுல வச்சுத்தான் தூக்கம். நாத்தம் தாங்காம நான் பக்கத்து ரூமுக்கு ஓடினேன். என் பொண்ணு யெனிக்கு அதிர்ஷ்டம், போன வருஷம் டவுன்ல காலேஜ் வந்துச்சு. காலைல பஸ்ல போறா, சாயங்காலம் வந்து சூப் எங்கன்னு கேக்குறா. அவ வர்ற நேரத்துக்கு உங்கம்மா தினம் ரோட்டுல போய் நிப்பா. யெனிக்காகன்னா நினைக்கிற?"

ரொக்சானா அழுதுவிட்டாள். "எனக்குத் தெரியாது அத்தை..."

"உனக்கெப்படித் தெரியும். விடு." தொமாசா அவள் தலையைத் தடவினாள். "லிமாவுக்கு நான் வரல. சாயங்காலம் ரோட்டுல யாரு நிப்பா?"

வில்பெர் போர்வையைக் கொடியிலிருந்து உருவினான். ஈரத்தோடு தோளில் போர்த்திக்கொண்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்தான்.

"கழட்டுடா கழுதை... சளி புடிக்கும்."

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவன் வாங்கிய முதல் திட்டு. போர்வை காயும்வரை அவன் கழற்றவில்லை.