அணைத்து வைத்த திரை

விடிந்ததிலிருந்து அந்தக் கூட்டுக் குடும்பத்தின் மூத்த மருமகள் பாத்திரங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தட்டும், அடுத்த அறையிலிருந்த இளையவளுக்குக் கேட்கட்டும் என்றே தொட்டியில் விழுந்தது.

"பத்து மணிக்கு டீச்சர் வராங்களாம். வரட்டும். யார் படிக்கிறா, யார் மார்க் வாங்குறான்னு இன்னைக்குத் தெரிஞ்சிடும்..."

மகள் சிட்டுவுக்குப் பார்வை போனபோது நர்ஸ் வேலையை விட்டவள் இளையவள். எட்டு வருடமாகப் பாடப் புத்தகங்களை வரி விடாமல் வாசித்துக் காட்டித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டவள். லாரி ஓட்டும் கணவனோ, போனில் "அனுசரிச்சுப் போ" என்று சொல்வதோடு தன் கடமையை முடித்துக்கொள்வான்.

போன வருடம் பள்ளியில் சிட்டுவுக்கு ஒரு லேப்டாப் கொடுத்தார்கள். திரையில் இருப்பதை அது காதில் வாசித்துச் சொல்லும். விடையை அவளே தட்டி எழுதிக்கொள்ளலாம். அதன்பிறகு, அதே வகுப்பில் படிக்கும் பெரியம்மா மகனைவிடக் கணக்கில் இருபது மார்க் கூடுதலாக வாங்கினாள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

பள்ளிக்கு ஒரு கடிதம் போயிற்று. பயிற்சியென்று வீட்டிலிருந்து எழுதி அனுப்புவதெல்லாம் தாய் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது, பரீட்சையிலும் ஏதோ தில்லுமுல்லு நடக்கிறது என்று. கையெழுத்து இல்லை. யார் எழுதியது என்று கேட்கவேண்டிய அவசியமும் இல்லை.

இன்று ஆசிரியை நேரில் வந்து பார்க்கப்போகிறார். சந்தேகம் உறுதியானால் பொதுத்தேர்வுக்கு லேப்டாப் கிடையாது. சிட்டு சொல்லச் சொல்ல, யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதுவார். "என் விடையை இன்னொருத்தர் கையில குடுக்கணுமாம்மா?" என்று கேட்டுவிட்டு, மூன்று நாளாக அந்தப் பெண் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒன்பது மணிக்கு மூத்தவளின் கணவர், சிட்டுவின் பெரியப்பா, லேப்டாப்பும் கையுமாக வந்து நின்றார். பெயிண்ட் கடை வைத்திருக்கும் நல்ல மனிதர். காலையிலேயே அதை யாரிடமும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போய், வீட்டையே தலைகீழாகத் தேட வைத்திருந்தார்.

"புள்ள ஒரு வருஷமா இருட்டுப் பெட்டி முன்னாலயே உக்காந்திருக்கே, ரிப்பேர்னு சொல்லக் கூச்சப்படுதுன்னு நெனச்சேன். ரிப்பேர்க் கடைக்காரன் ஒரு பட்டனைத் தட்டினான், வெளிச்சம் வந்துடுச்சு."

பார்வையில்லாத பெண்ணுக்கு வெளிச்சம் எதற்கு என்று அவருக்கு ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. இளையவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. லேப்டாப் கிடைத்ததே போதும் என்று மகளை உட்கார வைத்தாள்.

"டீச்சர் வர்றதுக்குள்ள ஒரு கணக்குப் போட்டுப் பாத்துடறேன்" என்று சிட்டு ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டாள். பக்கத்திலேயே, வழக்கம்போல, கிழிந்த தலையணை உறையும் ஊசியுமாகத் தாய் உட்கார்ந்தாள். எழுத்துகள் திரையில் ஓடின. முதல் வரி, இரண்டாம் வரி... மூன்றாவது வரியில் சிட்டுவின் விரல்கள் சட்டென்று நின்றன.

"அம்மா, திரை எரியுதா?"

"ஆமா. பெரியப்பா சரி பண்ணியிருக்கார்ல. ஏன்?"

"மூணாவது வரியில குறி தப்பு. கழித்தல் வரணும். இல்லையா?"

"உனக்கு யாரு சொன்னா? நான் வாயே திறக்கலையே."

"நீ மூச்சை இழுத்தியேம்மா."

இளையவளின் கையில் ஊசி அப்படியே நின்றது.

"நான் தப்பு பண்ணா நீ மூச்சை இழுப்ப. சரியாப் போட்டா மெதுவா விடுவ. உனக்கே தெரியாது. சின்ன வயசுலேர்ந்து எனக்குக் கேக்கும். அதனாலதான் லேப்டாப் வந்த அன்னைக்கே திரையை அணைச்சு வெச்சேன். நீ பாக்கலைன்னா உன் மூச்சும் ஒண்ணும் சொல்லாது."

"சார்ஜ் நிக்கும்னு சொன்னியே..."

"பொய்தான். எழுந்து போன்னு உங்கிட்ட எப்படிச் சொல்றது? எனக்காக வேலையையே விட்டவளாச்சே நீ. ஆனா யார் மார்க் வாங்குறான்னு பெரியம்மா கேக்கறது எனக்கும் கேக்குதும்மா. அந்த மார்க் என்னோடதா இருக்கணும்."

வாசற்படியில் ஈரக் கையோடு மூத்தவள் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. சிட்டு சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

எட்டு வருடம் விட்டுக் கொடுக்காத அந்த இடத்தைவிட்டு இளையவள் எழுந்தாள். "திரையை அணைச்சுடு கண்ணு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கைகள் தவித்தன.

ஆசிரியை வந்தபோது கதவருகே மூத்தவள்தான் முந்திக்கொண்டாள்.

"அந்த லெட்டரை நான்தான் எழுதினேன் டீச்சர். பொறாமையில எழுதினேன். அது பூராவும் பொய்."

"நீங்க சொன்னதுக்காக விட்டுட முடியாதும்மா. நான் பாத்துத்தான் ஆகணும்" என்று ஆசிரியை உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

மூத்தவள் வந்து படியில், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். உள்ளே விசைகள் தடதடத்தன. பிறகு நின்றன. நிமிடங்கள் போயின. ஒரு சத்தமும் இல்லை.

"மூச்சை விடுடி" என்றாள் மூத்தவள் கம்மிய குரலில். "இங்கேர்ந்து அவளுக்குக் கேக்காது."

மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அப்போதுதான் இளையவளுக்கே தெரிந்தது. விட்டாள். அதோடு எட்டு வருடத்து அழுகையும் சேர்ந்து வந்தது. "அக்கா, ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமே..."

"கேட்டிருக்கணும். இப்ப மன்னிப்புக் கேக்கற யோக்கியதைகூட எனக்கு இல்ல."

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"பத்துக் கணக்குல எட்டு சரி" என்றார் ஆசிரியை. "ரெண்டு தப்பு. பக்கத்துல யாராவது சொல்லிக்குடுத்திருந்தா இந்த ரெண்டும் வந்திருக்காது. லேப்டாப்லயே எழுதட்டும்."

மூத்தவள் இளையவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ரெண்டு தப்பாம்டி..." என்று சொல்லிச் சொல்லி அழுதாள். "ரெண்டு தப்பு..."