இந்த வார நாகவேணி

“உனக்கு நாகவேணியப் புடிக்கலையா, இல்ல, நாகவேணிய எனக்குப் புடிச்சிருக்கறது புடிக்கலையா?”

இதழினியிடம் இதைக் கேட்டபோது தன்ஷிகாவின் பல்லிடுக்கில் ஒரு நூல் இருந்தது. பனியனின் தோள் தையலில் தொங்கிய பிசிறைக் கடித்துத் துப்பிவிட்டுச் சிரித்தாள். இதழினியும் சிரித்தாள். மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்ததால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திருப்பூரில் இப்போது தைப்பதெல்லாம் இயந்திரக் கைகள். தைத்ததைத் தடவிப் பார்ப்பதற்கு மட்டும் மனிதக் கைகள். கைக்கு வேலை இருக்கும், காதுக்கு இருக்காது. அதனால் அந்தச் செக்கிங் மேசையில் எல்லோரும் காதில் காதுமணியைச் செருகிக்கொண்டு ‘கடைசி வரிசை’ வலையொலியைக் கேட்டபடியே வேலை பார்ப்பார்கள். ஞாயிறு காலை புது நிகழ்ச்சி வரும். பிறகு வாரம் முழுக்க அதையே திரும்பத் திரும்பக் கேட்டுச் சண்டை போடுவார்கள்.

சண்டை போடக் காரணம் இருந்தது. படங்கள் முடிவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. எல்லாம் வாராவாரம் மாறிக்கொண்டே போகும் வளர்படங்கள். அகிலேஷ் நடத்தும் ‘கடைசி வரிசை’க்கு நேயர்கள் குரலில் கருத்து அனுப்புவார்கள். ‘உளவாங்கி’ என்ற இயந்திரம் அத்தனையையும் கேட்கும். எந்தக் குரல் ஒரு பாத்திரத்துக்குப் பொருந்துகிறது என்று அது நினைக்கிறதோ, அதை வைத்து அந்தப் பாத்திரத்தைத் திருத்தும். வெள்ளிக்கிழமை திருத்திய படம் வரும். தலைப்புக்கு அடுத்த வரியில், ‘இந்த வார நாகவேணி’ என்று போட்டு, குரல் கொடுத்தவரின் பெயரும் வரும்.

‘இரட்டைக்கிணறு’ படத்தில் நாகவேணி ஒரு அக்கா. தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தங்கையைப் படிக்க வைப்பவள். அவளைப் பற்றி இதழினிக்குத் தெரியாதது கிடையாது. எந்தப் பதிப்பில் எந்தச் சேலை, எந்தக் காட்சியில் முதலில் பொட்டு வைக்காமல் வந்தாள், எல்லாம் சொல்வாள். வாராவாரம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று, பலமுறை ஒத்திகை பார்த்துக் குரல் அனுப்புவாள். ஒருமுறைகூட அவள் பெயர் வந்ததில்லை.

தன்ஷிகா படமே பார்க்காதவள். இருவரும் ஒரே அறையில் தங்கி, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். “ஒருதரம் கேட்டுத்தான் பாரேண்டி” என்று அவள் காதில் காதுமணியை மாட்டிவிட்டதே இதழினிதான்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, வாயில் தயிர்சாதத்தோடு தன்ஷிகா காதுமணியை அழுத்திப் பேசினாள்.

“ஏனுங்க, இந்த நாகவேணி, அப்பா சாவுச் செய்தி வந்ததும் அப்படியே விழுந்து அழுகுதுங்களே, அது பொய்யுங்க. அடுப்புல பால் இருக்குதல்லோ? மொதல்ல அடுப்ப அணைப்பா. அப்பறந்தான் அழுவா. எங்கம்மா அப்படித்தான் பண்ணுச்சு.”

அவ்வளவுதான். சாதத்தை விழுங்கிவிட்டு ஊறுகாய் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை படம் வந்தது. நாகவேணி தொலைபேசியைக் காதில் வைத்தபடியே எட்டி அடுப்பை அணைத்தாள். பால் பொங்காமல் அடங்குவதைப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். அவளுக்கு அழுகை வருவதற்கு முன்பே நாடு முழுக்க அழுதுவிட்டது. ‘இந்த வார நாகவேணி: தன்ஷிகா, திருப்பூர்.’

“ஐயோ, என்ற பேருடி! இங்க பாரு, என்ற பேரு!” தன்ஷிகா கட்டிலில் ஏறிக் குதித்தாள். “எப்படி இருக்குது? சொல்லுடி.”

இதழினி தொண்டையை லேசாகக் கனைத்துக்கொண்டாள். “பரவால்ல, பரவால்ல” என்றாள்.

அன்று இதழினிக்குச் சோறு இறங்கவில்லை. தன்ஷிகாவின் அப்பா இறந்த கதை அவளுக்கும் தெரியும், பலமுறை கேட்டிருக்கிறாள். தனக்கு அப்படி ஒரு துக்கம்கூட வாய்க்கவில்லையே என்று நினைத்தாள். நினைத்த பிறகு, தான் என்ன நினைத்தோம் என்பது உறைக்க, எழுந்து போய் முகத்தைக் கழுவினாள். கழுவியும் அது போகவில்லை. மறுநாள் கம்பெனியில் சூப்பர்வைசர் அக்கா தன்ஷிகாவுக்கு ஒரு முழம் பூ வாங்கி வந்து வைத்துவிட்டாள். அந்தப் பூவின் வாசனை அறை வரைக்கும் வந்தது.

அன்று மாலையே இதழினி ‘கொண்டை ஊசி’ என்று ஒரு மறைபெயர் போட்டுக்கொண்டாள். மறைபெயரில் அனுப்பினால் வலையொலியில் குரலை மாற்றி ஒலிபரப்புவார்கள். உண்மைக் குரல் உளவாங்கிக்கு மட்டும் போகும். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று அவள் பேசினாள்.

“போன வாரம் தன்ஷிகான்னு ஒருத்தர் சொன்ன அடுப்புக் காட்சி... ம்க்கும்... பரவால்ல, பரவால்ல. ஆனா நாகவேணியோட உசுரு அது இல்லைங்க. அவ மனசு எப்படித் தெரியுமா? தங்கச்சி பரிசு வாங்கிட்டு வந்தா, ஓடிப்போயிக் கட்டிப்புடிச்சுக்குவா. மத்தவங்க ஜெயிச்சா மொதல்ல சந்தோசப்படறவ அவதான். பொறாமைன்னா என்னன்னே அவளுக்குத் தெரியாதுங்க.”

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கருத்து, கரகரத்த ஆண்குரல் ஒன்றில் வந்தது. தொண்டைக் கனைப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். தன்ஷிகா துவைத்த துணியை உதறிக்கொண்டே கேட்டாள்.

“யாருடி இந்தக் கொண்டை ஊசி? என்ற பேரச் சொல்லிக் குத்தறாளே! இல்ல, குத்தறானா?”

“யாரோ. விடு.”

“ஆனா சொன்னது நல்லாத்தாண்டி இருக்குது. நாகவேணி அப்படிப்பட்டவதான்.” துணியைக் கொடியில் போட்டு கிளிப் மாட்டினாள். “நீகூட நெறைய யோசிக்கிறியே, உன்ற பேரு எப்பத்தான் வருமோ. வந்தா நாந்தாண்டி பூ வாங்கிட்டு வருவேன்.”

அந்தப் பரிவுதான் இதழினிக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை, இருவரும் சுவர்த்திரைக்கு எதிரே கால் நீட்டி உட்கார்ந்தார்கள். தலைப்பு வந்தது. ‘இந்த வார நாகவேணி: கொண்டை ஊசி.’  இதழினிக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்த முடியாது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

தங்கை பரிசுக் கோப்பையோடு வாசலில் வந்து நின்றாள். நாகவேணி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இதழினி சொன்னபடியே. ஆனால் தங்கையின் தோளுக்கு மேலே நாகவேணியின் முகம் தனியாகத் தெரிந்தது. அதில் சிரிப்பு இல்லை. கண்கள் கோப்பையையே பார்த்தன. தங்கை விலகியதும் சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது.

“எப்படிக்கா இருக்கு?” என்றாள் தங்கை.

நாகவேணி தொண்டையை லேசாகக் கனைத்துக்கொண்டாள். “பரவால்ல, பரவால்ல” என்றாள்.

தான் சொன்னதையே சுவர் திருப்பிச் சொன்னதுபோல் இதழினிக்கு இருந்தது. 

“இது எங்கியோ கேட்ட மாதிரியே இருக்குதுடி” என்றாள் தன்ஷிகா.  பிறகு படத்தை நிறுத்திவிட்டு, “அந்தக் கொண்டை ஊசி இப்படிச் சொல்லலையே. நல்லவன்னுதானே சொன்னா?” என்றாள். சனிக்கிழமை மேசையில் யாரோ ஒருத்தி நாகவேணியைப் போலவே கனைத்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். தன்ஷிகா மட்டும் கையிலிருந்த பனியனைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிறு காலை, தன்ஷிகா அடுப்பில் பருப்பு வைத்திருந்தாள். இதழினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சுவரில் ‘கடைசி வரிசை’ ஓடியது. அகிலேஷ் உற்சாகத்தில் இருந்தான்.

“இத்தன நாளா தியாகின்னு கும்பிட்டோமே, நாகவேணி எப்பேர்ப்பட்ட பொறாமைக்காரி! இந்த மாதிரி ஒரு நடிப்ப நான் பாத்ததே இல்ல. இன்னிக்கு நம்மகூட உளவாங்கியப் பழக்கற பொறியாளர் மீனலோசனி வந்திருக்காங்க. மேடம், கொண்டை ஊசி நாகவேணிய நல்லவன்னுதானே சொன்னாங்க?”

“நேயருங்க எல்லாரும் ஒரே தப்பத்தான் பண்றாங்க” என்றது ஒரு பெண்குரல். “கருத்துச் சொன்னா அத இயந்திரம் எடுத்துக்கும்னு நெனக்கிறாங்க. அதுக்குக் கருத்து எதுக்கு? ஆயிரம் பேரு அனுப்பறாங்க. வார்த்தைக்குக் கீழ எது ஓடுதோ அதைத்தான் அது எடுத்துப் பாத்திரத்துல ஊத்தும். அடுப்ப அணைச்ச பொண்ணு சாப்பிட்டுக்கிட்டே பேசுச்சு, ஆனா கீழ அவ்வளவு அழுகை இருந்தது. இவங்க பொறாமையே இல்லைன்னு சொன்னாங்க. கீழ அது மட்டுந்தான் இருந்தது.”

“அந்தப் ‘பரவால்ல, பரவால்ல’?”

“அது அவங்க சொன்னது. தன்ஷிகாவோட காட்சியப் பத்திச் சொன்னது. அந்தக் கனைப்பு உட்பட அப்படியே எடுத்து வெச்சிருக்கோம். குரல் மட்டுந்தான் நாகவேணியோடது.”

அகிலேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். “கொண்டை ஊசி, யாரா இருந்தாலும் நீங்க பெரிய கலைஞருங்க!”

பருப்பு நுரைத்து மேலே வந்தது. தன்ஷிகா கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். நுரை அடங்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு திரும்பினாள்.

இதழினி கையில் பாதி உரித்த வெங்காயம் இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். வந்தது ஒரு கனைப்பு மட்டும்தான். அதற்கு மேல் என்ன வரும் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். அந்த நிலையிலும், அடுப்பை அணைத்த அந்தக் கையின் நிதானத்தைப் பார்த்து, நமக்கு இப்படி வரவே வராது என்று உள்ளே ஏதோ கடித்தது.

“சரி நேயர்களே” என்றான் அகிலேஷ். “இப்ப தங்கச்சிக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. அவ அக்காகிட்ட என்ன பேசுவா? காதுமணிய அழுத்துங்க, சொல்லுங்க. உளவாங்கி காத்துக்கிட்டு இருக்கு.”

தன்ஷிகா காதுமணியைக் கழற்றி உப்பு ஜாடியின் மூடிமேல் வைத்தாள். கொடியிலிருந்த துப்பட்டாவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். செருப்பை மாட்டினாள். கதவைத் திறந்து வெளியே போனாள்.